குவேக்கர் மண்டபமும் நம்ம கருங்கல் சுவரும்

கேள்வி (ஹட்டன்):
இங்கிலாந்தின் வட பகுதியில் பிரிக்ஃபிளாட்ஸ் என்ற இடத்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கூட்ட மண்டபம் 1675இல் கட்டியது. அங்கேயும் ஓயாத மழைதான், ஆனாலும் வெள்ளையடித்த கல் சுவர் நிற்குது. எங்க தோட்டத்துப் பழைய பஜனை மண்டபத்தில் சீமெந்து பூசினா உப்பிக் கழருதே, ஏன்?

பதில் (பண்டாரவளை):
தம்பி, கல் இடுக்கில் இறங்குற ஈரம் வெளியே வர வழி வேணும். சீமெந்து அதை அடைச்சிடும். உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து தள்ளும். சீமெந்தை உளியால் மெதுவா எடுங்க. இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் சுரண்டி, நீத்தின (தண்ணி விட்டு நீறவைச்ச) சுண்ணாம்பு 1 பங்கு, கழுவின மணல் 3 பங்கு கலந்து அடைங்க. அதுக்கு முன் சுவரை நனைக்கணும், இல்லாட்டி கல் தண்ணியை உறிஞ்சி கலவை பொடியாகும். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைச்சு, மெல்லிசா 4 தடவை அடிங்க. தடிப்பா ஒரே தடவை அடிச்சா செதில் செதிலா உரியும்.

பதில் (மாத்தளை):
எங்க பக்கத்துச் சூளைச் சுண்ணாம்பில் மக்னீசியம் கூட, அண்ணே. அது தாமதமாத்தான் நீறும். தண்ணிக்குள்ள சில மாசம் ஊறவிட்டு, சல்லடையில் வடிக்காட்டி சுவரில் பூசின பிறகு பொட்டுப் பொட்டா வெடிக்கும். மழை மாசத்தில் தொடவே வேணாம்.

பதில் (நுவரெலியா):
அந்த பிரிக்ஃபிளாட்ஸ் மண்டபத்துக்குள்ளே பலிபீடம் தேடாதீங்க! அங்கே கூடுற குவேக்கருக்குக் குருவானவர் கிடையாது. மௌனமா உட்கார வாங்குகள், மூத்தோருக்குச் சற்று உயர்ந்த வாங்கு, அவ்வளவுதான். இப்படிப்பட்ட பிரிவினரின் வழிபாட்டை அனுமதிச்ச 1689 சகிப்புச் சட்டத்துக்கு முன் அந்தக் கூட்டங்களே சட்டவிரோதம்.