என் கணவர் வீட்டு மரவாடியின் கதையைத் தேடியபோது

என் கணவரின் குடும்பம் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் நான்கு தலைமுறையாக மரவாடி நடத்தியது. கடைசியாக நடத்தியவர் என் மாமனார். அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்யும்போது, நிலவறையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு சுத்தியல் கிடைத்தது. தலை மட்டுமே மூன்று கிலோ இருக்கும். அடிக்கும் முகத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. துருவைத் துடைத்தும் படிக்க முடியவில்லை. என் மகள் விளையாடுகிற மாவைத் தட்டையாக்கி அதில் அழுத்தியபோதுதான் புரிந்தது: வைர வடிவக் கட்டம், நடுவில் ஆங்கில ஆர் எழுத்து. இரும்பில் அது இடவலம் மாறி வார்க்கப்பட்டிருந்தது. ஐஸ் உடைக்கிற சுத்தியல் என்றே மாமியார் இத்தனை வருடமும் நினைத்திருந்தாராம்.

அது மரத்துக்கு முத்திரை குத்துகிற சுத்தியல். அந்தக் காலத்தில் பைன் மரங்களைக் குளிர்காலத்தில் வெட்டி, உறைந்த பாதையில் சறுக்கு வண்டியில் இழுத்துவந்து ஆற்றங்கரையில் அடுக்கி வைப்பார்கள். பனி உருகி ஆற்றில் வெள்ளம் வந்ததும் எல்லாக் கம்பெனி மரமும் ஒன்றாக மிதந்து போகும். எந்தக் கட்டை யாருடையது என்று கீழே பிரித்தெடுக்க வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு கட்டையின் இரு முனைகளிலும் இந்தச் சுத்தியலால் அடிப்பார்கள். பட்டையிலும் கோடரியால் தனியாக ஓர் அடையாளம் வெட்டுவார்கள். நம் ஊரில் மாட்டுக்குச் சூடு போடுவது போலத்தான். முத்திரையை மாவட்ட மர ஆய்வாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று விஸ்கான்சினில் சட்டம் இருந்தது. இது எனக்குத் தெரிய வந்தது வெகு நாள் கழித்து.

நான் தொடங்கியது எல்லோரையும் போல மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான். என் கணவரின் எள்ளுத் தாத்தா 1880 கணக்கெடுப்பில் மிச்சிகன் மாநிலத்துச் சாகினாவில் இருக்கிறார். வயது 28, பிறந்தது பிரஷ்யா (அந்தக் காலத்து ஜெர்மன் அரசு), தொழில் ‘சாமில்லில் வேலை’. மனைவிக்கு 24. கூடவே ஒரு வயதுப் பெண் குழந்தை. அடுத்து 1900-இல் பார்த்தால் விஸ்கான்சினில், சிப்பேவா ஆற்றுப் பக்கம் ஒரு சிறு ஊரில் ‘மர வியாபாரி’. நடுவில் இருபது வருடம் ஒன்றும் இல்லை. 1890 கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1921 ஜனவரியில் தலைநகர் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் நாசமாயின. அமெரிக்கக் குடும்பங்களைத் தேடுகிற எல்லோரும் ஒரு நாள் இந்தச் சுவரில் முட்டிக்கொள்வார்கள். விஸ்கான்சின் மாநிலம் 1895-இல் தனியாக எடுத்த கணக்கு உண்டு. ஆனால் அதில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. எங்கள் ஆள் பெயருக்கு எதிரே ஆண் மூன்று, பெண் நான்கு. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நான்கு மாதம் வீணானது. இணையத்தில் யாரோ போட்டு வைத்த குடும்ப மரத்தில் அதே பெயருடைய வேறொருவரை எங்கள் ஆளோடு ஒட்டியிருந்தார்கள். நானும் அவர் பின்னால் ஒஹாயோ வரை போய்விட்டேன். மூல ஆவணம் காட்டாத மரத்தை இப்போது நான் தொடுவதே இல்லை.

வழி காட்டியது மரம்தான். 1882-இல் சாகினா ஆற்றங்கரை ஆலைகள் நூறு கோடி பலகை அடிக்கு மேல் அறுத்துத் தள்ளின. பலகை அடி என்பது ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குல கனம். அந்த வேகத்தில் வெட்டினால் காடு எத்தனை நாள் தாங்கும்? மிச்சிகனில் மரம் குறையக் குறைய ஆட்கள் விஸ்கான்சினுக்கும் மினசோட்டாவுக்கும் நகர்ந்தார்கள். அப்புறம் பசிபிக் கரைக்கு. இலினாய் மாநிலத்து ராக் ஐலண்டில் 1860-இல் மைத்துனரோடு ஒரு சாமில் வாங்கித் தொடங்கிய ஃபிரெடரிக் வேயர்ஹவுசரே 1900-இல் வாஷிங்டன் மாநிலத்தில் 9 லட்சம் ஏக்கர் காட்டை வாங்கினாரே. முதலாளிகள் போன திசையில்தான் தொழிலாளிகளும் போனார்கள். அதனால் மரத் தொழில் குடும்பம் ஓர் ஊரில் காணாமல் போனால், அந்த வருடங்களில் கோடரி எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள்.

எப்போது நகர்ந்தார்கள் என்பதை 1900 கணக்கெடுப்பிலேயே பிடிக்கலாம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் பிறந்த மாநிலம் அதில் இருக்கும். எங்கள் குடும்பத்தில் 1881-இல் பிறந்த பெண் மிச்சிகன். 1887-இல் பிறந்த பையன், அதாவது என் கணவரின் கொள்ளுத் தாத்தா, விஸ்கான்சின். நடுவே ஆறு வருடம். அப்போதுதான் சுத்தியல் ஞாபகம் வந்தது. மர முத்திரைப் பதிவேட்டின் நகலைத் தேடிப் பிடித்து, கையால் வரைந்த நூற்றுக்கணக்கான முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். நட்சத்திரம், கோடரி, பெரிய எழுத்து, சின்ன எழுத்து. மூன்றாவது நாள் சாயங்காலம் வைரத்துக்குள் ஆர் வந்தது. 1884-இல் பதிவானது. ஆனால் எங்கள் குடும்பத்தின் பெயரில் இல்லை. சிப்பேவாவில் மரம் வெட்டிய ஒரு கூட்டு வியாபாரத்தின் முத்திரை அது. எள்ளுத் தாத்தா அங்கே கூலிக்கு முத்திரை அடித்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மாவட்ட வரலாற்றுப் புத்தகத்தில் அவரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. நேர்மையானவர், கடின உழைப்பாளி, ரயில் பாதையோரம் மரவாடி வைத்தவர் என்று. அந்தக் காலத்தில் இந்த மாதிரிப் புத்தகங்களைச் சந்தா பிடித்து, அந்தந்தக் குடும்பத்தாரிடமே விற்றார்கள். அதில் சுத்தியலும் இல்லை, கூலியும் இல்லை. மனைவிக்கு ஒரே ஒரு வரி.

அந்த மனைவியைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். 1900 கணக்கெடுப்பில் பெண்களிடம் மட்டும் இரண்டு கேள்வி கேட்டார்கள். எத்தனை பிள்ளைகளுக்குத் தாய்? அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? எள்ளுப் பாட்டியின் வரிசையில் 8, 5 என்று இருந்தது. 1880-இல் ஒரு வயதுக் குழந்தையாக இருந்த அந்த மூத்த பெண் 1900-இல் வீட்டில் இல்லை. கல்யாணமாகிப் போயிருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

விஸ்கான்சினில் பிறப்பு, இறப்பு எல்லாம் மாநிலம் முழுக்க ஒழுங்காகப் பதிவாகத் தொடங்கியது 1907 அக்டோபரிலிருந்துதான். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுதான் கதி. அந்த ஊர் லுத்தரன் தேவாலயத்தின் பதிவேடு பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருந்தது. எழுத்துகளைப் பழகவே இரண்டு வாரம் ஆயிற்று. 1886 ஜனவரிப் பக்கத்தில் ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை. ஆறு வயதுப் பெண், மூன்று வயதுப் பையன், எட்டு மாதக் குழந்தை. பன்னிரண்டு நாளுக்குள். காரணம் மூன்றுக்கும் ஒன்றுதான், தொண்டை அடைப்பான். முதல் வரியில் நோயின் பெயரை முழுதாக எழுதிய போதகர், மூன்றாவதில் ‘மேற்படி’ என்று ஒரு கோடு போட்டிருந்தார்.

அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சிப்பேவா காடு யாருடையது என்றும் தேடினேன். 1837 ஜூலையில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வழியாக அந்தப் பைன் காடுகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் தங்களுக்கு உள்ள உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த உரிமை செல்லும் என்று 1999-இல்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் மரவாடியின் வரலாற்றை மகளுக்கு எழுதி வைக்கும்போது முதல் பக்கத்தில் பிரஷ்யாவைப் போடவில்லை, இந்த ஒப்பந்தத்தைத்தான் போட்டேன்.

உங்களில் யாருக்காவது இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

*

மெனாமனியிலிருந்து ஓர் உறுப்பினர்:

அக்கா, நான் இருப்பது மரக் கம்பெனி கட்டிய ஊரில். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய மரக் கம்பெனி என்று பெயர் வாங்கிய நாப் ஸ்டவுட் இங்கேதான் இருந்தது. அதன் பங்காளிகளில் ஒருவரான ஆண்ட்ரூ டெய்ன்டர், 19 வயதில் இறந்துபோன மகள் மேபலின் நினைவாகக் கட்டிய நாடக அரங்கு 1890-இலிருந்து இன்றுவரை நிற்கிறது. நீங்கள் எழுதிய மூன்று குழந்தைகளைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. ஒருத்திக்குக் கல்லில் ஒரு மாளிகை, இவர்களுக்குப் பதிவேட்டில் ஒரு கோடு.

மரம் வெட்டும் முகாமின் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைத் தேடி வாஷிங்டன் மாநிலத்திலிருந்து எண்பது வயதுக்காரர் ஒருவர் இங்குள்ள ஆவண மையத்துக்கு வந்திருந்தார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். அவருடைய தாத்தாவின் பெயர் கிடைத்தது. பெயருக்குக் கீழே கம்பளிக் காலுறை, புகையிலை, கையுறை, மறுபடி புகையிலை என்று சம்பளத்தில் பிடித்த தொகைகள். ‘தாத்தா புகையிலையே தொட்டதில்லை என்று பாட்டி சொல்வார்’ என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் முத்திரைக் கம்பெனியின் கணக்குப் புத்தகம் எங்காவது தப்பியிருக்கலாம். விஸ்கான்சினில் பல்கலைக்கழக வளாகங்களிலேயே வட்டார ஆவண மையங்கள் இருக்கின்றன. கேட்டால் வேறு ஊர்ப் பெட்டியைக்கூட உங்கள் ஊர் மையத்துக்கு வரவழைத்துத் தருவார்கள்.

மரவாடிக்குச் சான்பார்ன் வரைபடம் பார்த்தீர்களா? தீக் காப்பீட்டுக்காக வரைந்தது. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். பலகை அடுக்கு எங்கே, கொட்டகை எங்கே என்பதுவரை இருக்கும்.

*

மினசோட்டாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியின் குடும்ப மரம் 1894 செப்டம்பர் 1-இல் நின்றுவிடுகிறது. ஹிங்க்லி தீ. மரம் வெட்டியவர்கள் கிளையையும் சருகையும் காட்டிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். மழையில்லாத கோடை வேறு. நான்கு மணி நேரத்தில் நானூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அவர் குடும்பத்தில் மிஞ்சியது ஒரு சிறுமி மட்டும். ஜேம்ஸ் ரூட் என்ற ஓட்டுநர் ரயிலைப் பின்னோக்கியே ஓட்டிப்போய் ஒரு சதுப்பு ஏரியில் ஆட்களை இறக்கிவிட்டார், அதில் இருந்தவள். அவளுக்குத் தன் அப்பாவின் பெயர் தெரியும், ஊர் தெரியாது. உங்கள் பதிவைப் பார்த்த பிறகு, அப்பா எந்த ஆற்றில் மரம் ஓட்டினார் என்ற பக்கத்திலிருந்து தேடலாம் என்று பாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். முன்பு எங்கேயோ மிச்சிகன் என்று கேட்ட ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்.

*

முதல் பதிவு எழுதியவர்:

சான்பார்ன் வரைபடம் பார்த்துவிட்டேன், ரொம்ப நன்றி. ரயில் பாதையோரம் மஞ்சளில் நீளமாக இரண்டு கொட்டகை, பக்கத்தில் சுண்ணாம்பு, நிலக்கரி வைக்கிற அறை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் வீடு, அதுவும் மஞ்சள்தான்.

மினசோட்டா தோழருக்கு: அந்தச் சிறுமியின் அப்பா மிச்சிகன் என்றால் சாகினாவையும் மஸ்கீகனையும் முதலில் பாருங்கள். 1880 கணக்கெடுப்பில் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதியிருப்பார்கள். அதற்கு முந்தையதில் அது கிடையாது.

நேற்று மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். மூன்று குழந்தைகளின் பெயரையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் குடும்ப பைபிளை எடுத்துவந்தார். பிறந்தவர்கள் பக்கத்தில் 1881-க்கும் 1887-க்கும் நடுவே இடம் விட்டிருந்தது. மூத்த பெண்ணுக்கு வேண்டிய இடம் 1881-க்கு மேலே இல்லை, பக்க ஓரத்தில்தான் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலால், மெதுவாக மூன்று பெயரையும் எழுதினார். என் மகள் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.