ஆயுத பூஜைக்கு ஆஃபர், தீபாவளிக்குப் பூட்டு: ஜிம்மில் பணம் போனவங்க சொல்லுங்க

மடிப்பாக்கத்தான்

தீபாவளி முடிஞ்ச வாரம் ஆபீஸ் பேன்ட் பட்டன் போட மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்துச்சு. நாளையிலேருந்து ஜிம்முக்குப் போயே தீரணும்னு முடிவு பண்ணி, மாவு வாங்கப் போன கடையில பெருமையா அதைச் சொன்னேன். கடைக்கார அக்கா மாவைக் கட்டிக்கிட்டே, "எந்த ஜிம்மு, மாடி ஜிம்மா? அதை மூடி இருபது நாளாச்சே"ன்னாங்க. ரெண்டு வருஷத்துக்குப் பணம் கட்டினவன் நான். விஷயம் மாவு கடைக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல.

போய்ப் பார்த்தேன். ஷட்டர்ல ரெண்டு பூட்டு. ஒண்ணு ஜிம்மோடது, இன்னொண்ணு வாடகை வராத கோபத்துல பில்டிங் ஓனர் போட்டது. ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு: "பராமரிப்புப் பணி காரணமாக 5 நாட்கள் விடுமுறை." அந்த 5-க்கு முன்னாடி யாரோ பால்பாயிண்ட் பேனாவால ஒரு 1 போட்டு 15 ஆக்கியிருந்தாங்க. ஜன்னல் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தேன். டம்பெல் எல்லாம் வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனப் பொட்டு காய்ஞ்சு வெடிச்சிருக்கு. வாசல்ல கட்டின வாழைக்கன்னு கருகித் தொங்குது. ட்ரெட்மில் நாலையும் காணோம். அதுங்க நின்ன இடத்துல மட்டும் தரை பளிச்சுனு வேற நிறத்துல இருக்கு.

என் கதை இதுதான். 2024 டிசம்பர் 31 சாயங்காலம் மேனேஜர் போன் பண்ணினார். "சார், ஒரு வருஷம் 12,000, ரெண்டு வருஷம் 15,000, இன்னைக்கு ராத்திரி 12 மணி வரைக்கும்தான்." இதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. (ஜிம்முக்கு 5 சதவீதமாக் குறைஞ்சது 2025 செப்டம்பர் 22-லேருந்துதான்.) மொத்தம் 17,700 வருதேன்னு நான் இழுத்தேன். "பில் வேணாம்னா 15-லயே முடிச்சுக்கலாம் சார், என் நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க"ன்னார். பண்ணிட்டேன். 2,700 மிச்சம் பிடிச்சதுல அன்னைக்கு ராத்திரி சந்தோஷமாத் தூங்கினது நல்லா ஞாபகம் இருக்கு.

போனது மொத்தம் 23 நாள். அப்புறம் முழங்கால் வலி, ஆபீஸ்ல ஷிப்ட் மாற்றம், மாமியார் ஆபரேஷன், கடைசியா வெறும் சோம்பேறித்தனம். 4,500 ரூபாய் ஷூ இன்னும் உள்ளே லாக்கர்லதான் கிடக்கு.

பழைய வாட்ஸ்அப் குரூப்பை "அட்மின் மட்டும் பேசலாம்"னு மாத்திட்டு அட்மினும் வெளியே போயிட்டார். மெம்பர்கள் புதுசா ஒரு குரூப் ஆரம்பிச்சோம். ரெண்டே நாள்ல 160 பேர். கொதிச்சாங்க, திட்டினாங்க, ஓனர் துபாய் போயிட்டான்னு ஒருத்தர், இல்ல பெரம்பூர்ல இருக்கான்னு இன்னொருத்தர். ஆயுத பூஜை அன்னைக்கு 9,999 கட்டிச் சேர்ந்த ஒரு பையன் போனது அஞ்சே நாள். "புகார் கொடுக்க யார் யார் வர்றீங்க, பேர் போடுங்க"ன்னு நான் போட்டதும் குரூப் அமைதியாயிடுச்சு. வந்தது ஆறு பேர்.

மத்தவங்கள்ல சிலரைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லாரும் சொன்னது கிட்டத்தட்ட ஒரே பதில்: "நான் நாலு நாள்தான் போனேன், எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போய்க் கேக்குறது?" எனக்கும் அதே நினைப்புதான். வீட்டுல இன்னும் சொல்லல. சொன்னா "போகாத ஜிம் மூடினா என்ன, திறந்திருந்தா என்ன"ன்னு ஒரு வரியில முடிஞ்சிடும். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்த ஹால்ல ஒரே நேரத்துல 40 பேர் நின்னாலே முட்டிக்கும். அவங்க சேர்த்தது எத்தனை நூறு பேரை! நம்ம வராம இருக்கப்போறதைக் கணக்கு வெச்சுத்தானே கடையே நடந்துச்சு?

ஸ்டேஷன்ல முதல்ல "இது சிவில் மேட்டர் சார்"னாங்க. ஆறு பேரும் நகராம நின்னதும், புகாரை வாங்கினதுக்கு அத்தாட்சியா சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்தாங்க. அதோட நிக்குது. உங்க அனுபவத்தைச் சொல்லுங்க, வழி இருந்தா அதையும் சொல்லுங்க.

சிங்காநல்லூர்

எனக்கு ஜிம் மூடினதை விடக் கொடுமை அதுக்கப்புறம் நடந்ததுங்க.

பெண்களுக்கு மட்டும்னு ஒரு ஜிம், ஜூம்பாவும் உண்டு. வருஷத்துக்கு 27,000. ஒரே தடவையாக் கட்ட முடியாதுங்கன்னு சொன்னேன். "மாசம் 2,250 கட்டுங்க சிஸ்டர், வட்டியே இல்லை, மெம்பர்ஷிப் ஆக்டிவேட் பண்ண ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்க"ன்னாங்க. ஆதார், பான் போட்டோ எடுத்தாங்க, செல்ஃபி எடுத்தாங்க. ஜிம் கார்டுக்குன்னு நினைச்சுச் சிரிச்சுக்கிட்டே போஸ் கொடுத்தேனுங்க. அது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில என் பேர்ல போட்ட கடன்னு தெரிஞ்சது அஞ்சாம் மாசம், ஜிம்மைப் பூட்டினதுக்கு அப்புறம். ஜிம்காரங்களுக்குப் பணம் ஆரம்பத்துலேயே போயிடுச்சு. நான் மாசாமாசம் கட்டினது ஜிம்முக்கே இல்லீங்க.

ஜிம்தான் இல்லையே, எதுக்குக் கட்டணும்னு பேங்க்ல சொல்லி ஆட்டோ டெபிட்டை நிறுத்தினேன். பேங்க்ல ஒரு அபராதம், ஃபைனான்ஸ்ல ஒரு அபராதம், தினமும் ஏழெட்டு போன். சிபில் ஸ்கோர் இறங்கிடுச்சு. அந்த நேரம் பாத்து எங்க வீட்டுக்காரர் வீட்டுக் கடனுக்கு ரெண்டு பேர் பேர்லயும் எழுதிக் கொடுத்திருந்தாருங்க. வேற வழியில்லாம மீதி ஏழு மாசத்தையும் மொத்தமாக் கட்டி முடிச்சேன். பூட்டின ஜிம்முக்கு 15,750.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கும் போன் போட்டேனுங்க. தன்மையாப் பேசினாங்க, புகார் எண் கொடுத்தாங்க. ஆனா அவங்க கம்பெனிக்கு எழுதிப் பதில் வாங்கித் தர்றவங்க. கம்பெனியில பதில் சொல்ல ஆள் இருந்தாத்தானே?

குரோம்பேட்டை 44

மாசக் கட்டணம் மட்டும்தான் கட்டுவேன். கஞ்சன்னு ட்ரெய்னர் கிண்டல் பண்ணுவார். இருக்கட்டும்.

பழைய ட்ரெய்னர்

எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். நான் அந்தப் பக்கத்து ஆள். வேற ஊர், வேற ஜிம், ஆனா கதை இதேதான்.

எங்களுக்கும் முன்கூட்டியே தெரியாதுண்ணா. ஆனா இப்போ திரும்பிப் பார்த்தா எல்லாமே தெரியுது. முதல்ல நின்னது ஏசி இல்ல, தண்ணி கேன். மூணு மாசப் பாக்கின்னு கேன் போடுற தம்பி வர்றதை நிறுத்திட்டான், வீட்டுலேருந்து பாட்டில் கொண்டு வரச் சொல்லி போர்டு மாட்டினோம். அடுத்து கூட்டுற அக்கா நின்னுட்டாங்க. ட்ரெட்மில் பெல்ட் கிழிஞ்சு ரெண்டு மெஷின்ல "பழுது"ன்னு தாள் ஒட்டி மாசக்கணக்கா அப்படியே கிடந்துச்சு.

அப்புறம் ஓனர் ஒரு நாள் எங்களை எல்லாம் உட்கார வெச்சு, "இனிமே மாசக் கட்டணம் யார்கிட்டயும் வாங்காதீங்க. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் மட்டும் போடுங்க. யார் நிறைய சேர்க்கிறாங்களோ அவங்களுக்குத்தான் முதல்ல சம்பளம்"னார். நாங்களும் சம்பளம் வரும்னு பேயா உழைச்சுச் சேர்த்தோம். என் வாயால பேசி மட்டும் அந்த மாசம் 11 பேர். அதுல ஒருத்தர் எனக்கு ஸ்கூல்ல கணக்கு எடுத்த சார். ஓடப்போறதுக்கு வழிச்செலவை எங்களை வெச்சே வசூல் பண்ணிட்டுப் போயிருக்கான்.

மெஷின் எல்லாம் ஓனரோடதுன்னு நினைச்சிருந்தோம். பாதி தவணையில வாங்கினது. கொடுத்தவங்க ஒரு ராத்திரி லாரி கொண்டு வந்து ஏத்திட்டாங்க. என் சம்பளம் ரெண்டரை மாசம் நிக்குது. ஆனா மெம்பர்ஸுக்குத் தெரிஞ்ச நம்பர் ஓனர் நம்பரா, என் நம்பர்தானே? நாலு வாரம் திட்டு வாங்கினேன். ஒரு அக்கா போன்ல அழுதாங்க, அதை இன்னும் மறக்க முடியல.

பி.டி.-க்கு, அதாவது தனிப் பயிற்சிக்கு, என்னை நம்பித் தனியாப் பணம் கட்டின ஏழு பேருக்கு, மிச்சமிருந்த செஷனை கார்ப்பரேஷன் பார்க்குல காலைல 5.30-க்கு எடுத்து முடிச்சுக் கொடுத்தேன். நாலு பேர் வந்தாங்க. கணக்கு சார் வரல. ரோட்டுல பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கிறார்.

உட்லண்ட்ஸ்

சிங்கப்பூரிலும் எனக்கு இது நடந்தது. 1,800 வெள்ளி கட்டினேன், ஒன்பது மாதத்தில் மூடிவிட்டார்கள். கம்பெனி கலைப்புக்குப் போய், கலைப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது, படிவம் நிரப்பி அனுப்பினேன். நாம் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களாம், வரிசையில் கடைசி. ஒரு காசு வரவில்லை. என்னோடு சேர்ந்த சக ஊழியர் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தார். சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் சார்ஜ்பேக் போட்டு, மிச்ச மாதங்களுக்கான பணத்தை வாங்கிவிட்டார். நான் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பியவன். கார்டில் கட்டியவர்கள் தாமதிக்காமல் வங்கிக்கு எழுதுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு.

ஓய்வுபெற்ற தபால்காரர்

தம்பி, நான் திருச்சி. என் மகன் 2021 பிப்ரவரியில் ஓராண்டுக் கட்டணம் 14,000 ரூபாய் கட்டினான். ஏப்ரல் 26 முதல் அரசே எல்லா ஜிம்மையும் மூடச் சொன்னது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஜூலையில் பாதிப் பேரோடு திறக்கலாம் என்று அனுமதி வந்தது. ஊரில் மற்ற ஜிம்கள் திறந்தன, இது திறக்கவில்லை. மகன் "விடுங்கப்பா" என்றான். நான் விடவில்லை. எனக்கும் பொழுது போகவேண்டுமே.

முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ். நாற்பது வருடம் தபால் கொடுத்தவன் சொல்கிறேன், உறை திரும்பி வந்தால் வருத்தப்படாதீர்கள், அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஜிம் முகவரிக்கு அனுப்பியது "இடம்பெயர்ந்தார்" என்று வந்தது, அதனால் பயனில்லை. உரிமையாளர் வீட்டுக்கு அனுப்பியது "வாங்க மறுத்தார்" என்று வந்தது. சட்டத்தின் கண்ணில் அது போய்ச் சேர்ந்த மாதிரிதான். அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

உரிமையாளர் பெயர் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். ரசீதில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் பதிவு என்று வந்துவிடும். உங்கள் குழுவில் பில் வாங்கிய ஒருவராவது இருப்பார், அவரிடம் கேளுங்கள்.

பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனில் புகார் போட அப்போது இ-தாக்கில் தளம், 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி. எதிர்த்தரப்பு ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை. பணத்தோடு செலவுத் தொகையும் சேர்த்துத் தர உத்தரவாயிற்று. அதற்கும் அசையவில்லை. அதே சட்டத்தின் 72-ஆம் பிரிவில் மனு போட்டேன். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை அல்லது 25,000-க்குக் குறையாத அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். அடுத்த வாரமே அவருடைய மைத்துனர் வீடு தேடி வந்து ரொக்கமாகக் கொடுத்தார். காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

மொத்தம் பதினான்கு மாதம் ஆயிற்று. பஸ் செலவு, ஜெராக்ஸ் எல்லாம் கணக்குப் பார்த்தால் லாபம் ஒன்றும் பெரிதாக இல்லை.

உங்களுக்கு ஒரு கேள்வி. பில் இல்லை, பணம் போனது மேனேஜரின் சொந்த எண்ணுக்கு. நீங்கள் அங்கே உறுப்பினர் என்பதற்கு என்ன ஆதாரம்? கடன் வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னால் என்ன செய்வீர்கள்?

மடிப்பாக்கத்தான்

ஐயா, அந்தக் கேள்வியில ரெண்டு நாள் தூக்கம் போச்சு.

போன ஞாயித்துக்கிழமை பில்டிங் ஓனர் அரை மணி நேரம் ஷட்டரைத் திறந்து விட்டார். "உங்க சாமான் மட்டும் எடுத்துக்குங்க தம்பி, எனக்கே நாலு மாச வாடகை நிக்குது"ன்னு கதவுகிட்டயே நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டார். ஷூ கிடைச்சுது, உள்ளே ஒரு பல்லி குடித்தனம். ரிசப்ஷன் மேஜைக்குக் கீழே வருகைப் பதிவேடு கிடந்துச்சு. மெம்பர் எண், பேர், திட்டம், வந்த நேரம், கையெழுத்து. என் பேருக்கு நேரா ஒவ்வொரு நாளும் "2 வருடம்"னு அந்த ரிசப்ஷன் பொண்ணு எழுதியிருக்கு. இருபத்து மூணு கையெழுத்து. அதை யாராவது பார்த்துடுவாங்களேன்னுதானே இத்தனை நாள் கூசிக்கிட்டிருந்தேன்!

ஓனர்கிட்ட கேட்டு, பதிவேட்டை அங்கேயே வெச்சு, ஒரு பக்கம் விடாம போட்டோ எடுத்தோம். குரூப்புல போட்டு, கூடவே "நான் போனது 23 நாள்தான்"னும் எழுதினேன். ஐயா சொன்ன அதே நுகர்வோர் சட்டத்துல 35(1)(சி) பிரிவுல ஆணையத்தோட அனுமதி வாங்கி எல்லாருக்கும் சேர்த்து ஒரே புகாராப் போடலாம்னு குரூப்புல ஒருத்தர் சொன்னார். ராத்திரிக்குள்ள ஆறு பேர் 31 ஆச்சு. ஜிஎஸ்டி பில் வெச்சிருக்கிற மூணு பேரும் அதுல இருக்காங்க.

பதினோரு மணிக்கு மேல ஒரு பொண்ணு தனியா மெசேஜ் பண்ணுச்சு. "அண்ணா, என் பேர் அதுல இருக்கா? நான் நாலு நாள்தான் வந்தேன்."

தேடிப் பார்த்துச் சொன்னேன், இருக்கும்மா, நாலு கையெழுத்தும் இருக்கு.