ஜதீதா வீட்டின் கூரையும் இரண்டு சட்டங்களும்

பிறைவாசகன்:
போரில் சிக்கியவர்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட 1949இன் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு முன்னர் போர்க்களத்தில் பொதுமக்களுக்குச் சட்டப் பாதுகாப்பே இருந்ததில்லை என்று இங்கே ஒருவர் எழுதியதை நான் மறுக்கிறேன். ஏழாம் நூற்றாண்டில் ஷாம் (சிரியா பகுதி) நாட்டுக்குப் படை அனுப்பிய கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், தளபதி யஸீத் இப்னு அபீ சுஃப்யானிடம், பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லக் கூடாது, கனிமரங்களை வெட்டக் கூடாது, உணவுக்காக அன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்கக் கூடாது, மடங்களில் இருக்கும் துறவிகளைத் தொடக் கூடாது என்று கட்டளையிட்டது இமாம் மாலிக்கின் நபிமொழித் தொகுப்பான முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. பயிரையும் கால்நடையையும் குடிநீர் நிலைகளையும் அழிக்கலாகாது என்று ஜெனீவாவின் முதல் கூடுதல் நெறிமுறை 54ஆம் விதியில் எழுதியது 1977இல்தான்.

சட்டமாணவி:
அந்தக் கட்டளையின் மேன்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அதை மட்டும் எடுத்துக்காட்டுவது முழு உண்மையாகாது. இரவுத் தாக்குதலில் எதிரிகளின் பெண்களும் பிள்ளைகளும் சிக்கினால் என்ன செய்வது என்று கேட்கப்பட்டபோது, 'அவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களே' என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக வரும் ஹதீஸும் (நபிமொழியும்) புகாரி தொகுப்பில் உள்ளது. கோட்டைகளின் மீது கவண்பொறியால் கல்லெறிவதை அறிஞர்கள் அனுமதித்தார்கள். முதியவர்களையும் துறவிகளையும் கொல்லலாமா என்பதில் இமாம் ஷாஃபிஈ அவர்களிடமிருந்தே இரண்டு கருத்துகள் வந்திருக்கின்றன. தளபதி தனக்கு வசதியான கருத்தைத் தேர்ந்துகொண்டால் யார் தடுப்பார்? கிடைக்கும் ராணுவப் பயனைவிட மிகையான உயிரிழப்பு பொதுமக்களுக்கு நேரும் என்று எதிர்பார்க்கப்பட்டால் தாக்கவே கூடாது என்கிறது அதே ஜெனீவா நெறிமுறையின் 51ஆம் விதி. எதிரி சட்டத்தை மீறினாலும் நம் கடமை நீங்காது என்றும் அது சொல்கிறது.

பிறைவாசகன்:
எதிரி ஆட்களை முன்னிறுத்தி மறையும் மனிதக் கேடயம் பற்றி இடைக்கால அறிஞர் இமாம் கஸ்ஸாலி விதித்த நிபந்தனைகளைப் பாருங்கள். தவிர்க்கவே முடியாத தேவை, ஐயமற்ற உறுதி, சமுதாயம் முழுமைக்கும் ஆபத்து ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தாக்க அனுமதி. ஒரு கோட்டையைப் பிடிப்பது அத்தகைய தேவையாகாது என்று அவரே விலக்குகிறார்.

சட்டமாணவி:
அது கேடயமாக நிறுத்தப்பட்ட முஸ்லிம் கைதிகளைப் பற்றிய விவாதம், சகோதரரே. எதிரியின் சொந்தப் பிள்ளைகள் நிறுத்தப்பட்டபோது அறிஞர்கள் பலர் அந்த அளவுக்குக் கண்டிப்பாக இருக்கவில்லை.

பிறைவாசகன்:
நீங்கள் சொன்னது சரி; அந்த வேறுபாட்டை நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். ஆயினும் உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்பது குர்ஆன் 5:1இன் கட்டளை. முஸ்லிம் நாடுகள் அனைத்தும் 1949இன் ஜெனீவா உடன்படிக்கைகளில் இணைந்துவிட்ட நிலையில், அவற்றைக் காப்பது மார்க்கக் கடமையும் ஆகிறது. பழைய கருத்துகளில் சாதகமானதைத் தேடும் வாசல் அங்கே அடைபடுகிறது. கையெழுத்திடாத ஆயுதக் குழுவுக்கும், உள்நாட்டுப் போருக்கான குறைந்தபட்ச நெறிகளைச் சொல்லும் அவ்வுடன்படிக்கைகளின் பொது விதி 3 பொருந்தும். ஆனால் ஜெனீவாவையே ஏற்காதவனிடம் அபூபக்ரின் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க முடியும். 2014இல் நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் ஐஎஸ் அமைப்பின் தலைவர் பக்தாதிக்குத் திறந்த மடல் எழுதியதும் அதனால்தான்.

சட்டமாணவி:
அந்த மடலுக்குப் பிறகும் ஈராக்கின் மொசூலில் மக்கள் ஐஎஸ் அமைப்பினரால் கேடயமாக்கப்பட்டார்கள். அதே நகரின் ஜதீதா பகுதியில் 2017 மார்ச் 17 அன்று, கூரைமேல் இருந்த இரண்டு குறிசுடுநர்களை நோக்கி அமெரிக்க விமானம் குண்டு வீசியதில் வீடு இடிந்து குறைந்தது 105 பொதுமக்கள் இறந்ததாக அமெரிக்க ராணுவ விசாரணையே ஒப்புக்கொண்டது. உள்ளே மக்கள் இருந்தது தெரியாது என்றும், அங்கே வைக்கப்பட்டிருந்த வெடிபொருளே கட்டடத்தைச் சாய்த்தது என்றும் அது கூறியது. தாக்குமுன் தெரிந்துகொள்ள இயன்றதை எல்லாம் செய்தார்களா என்பதே என் கேள்வி.

பிறைவாசகன்:
அந்தக் கேள்வியில் உங்களோடு எனக்கு வேறுபாடில்லை. அதையே அந்த வீட்டில் மக்கள் இருக்கக் கூரைமேல் ஆள் ஏற்றியவர்களிடமும் கேட்க வேண்டும். அவர்களிடம் கேட்க எனக்கு முவத்தா தேவைப்படுகிறது.