புதுப்பிப்பு: ஊரப்பாக்கம் அடுக்ககத்தில் எட்டு மாதம்

சென்னைப் புறநகரான ஊரப்பாக்கத்தில் கேட்டட் கம்யூனிட்டி (சுற்றுச்சுவரும் காவலும் உள்ள குடியிருப்பு) வீடு வாங்கலாமா என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். வாங்கி, குடிவந்தும் எட்டு மாதமாகிவிட்டது.

"முதலில் தண்ணீரைப் பாருங்கள்" என்று பலர் எச்சரித்தீர்கள். கேட்டிருக்கலாம். ஏப்ரலில் போர்வெல் கைவிட்டதும் தினமும் லாரித் தண்ணீர்தான். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 3 ரூபாயிலிருந்து 4.50 ஆனது, எங்கள் 1,100 சதுர அடிக்கு மாதம் 4,950 ரூபாய். நீச்சல் குளம் மட்டும் வற்றவே இல்லை, அது தனிக் கதை!

2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பக்கம் என்பதால் ஊருக்குப் போவது சுலபம். பண்டிகைக்கு முந்தின நாள் ஜிஎஸ்டி சாலையில் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) மட்டும் காரை எடுக்காதீர்கள், மின்சார ரயில்தான் கதி.

அப்புறம், கார்பஸ் நிதியை (குடியிருப்பின் பெரிய செலவுகளுக்காக வீடு வாங்குபவர்களிடம் வசூலிக்கும் இருப்புத் தொகை) பில்டர் இன்னும் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்கவில்லை. அம்மாவுக்கோ மாலை நடைக்கு நாலு தோழிகள் கிடைத்துவிட்டார்கள். வீட்டை விற்கும் பேச்சை எடுக்கவே விடமாட்டேன் என்கிறார்.