பழைய வார்ப்புருவில் 'தேனீ' – உமர்தம்பியைப் பற்றித் தெரிந்தவர்கள் உண்டா?

செவ்வந்தி:
மாமா 2005ல் எழுதிய வலைப்பதிவைக் காப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) 'தேனீ' என்று ஓர் எழுத்துருக் கோப்பைக் கூப்பிடும் வரி இருக்கிறது. இப்போது அதனால் எந்தப் பயனும் இருப்பதாகத் தெரியவில்லை. எடுத்துவிடலாமா? மாமாவைக் கேட்டால், "அது உமர் செஞ்சது, கிடக்கட்டும்" என்பதோடு சரி. யார் அவர்?

திண்ணைக்காரன்:
தாராளமாக எடுக்கலாம்மா, பக்கம் ஒன்றும் கெடாது. ஆனாலும் மாமா ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்குப் புரிகிறது.

அப்போது எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் எல்லாமே விண்டோஸ் 98. அதில் யூனிகோடு தமிழைக் காட்டும் லதா எழுத்துரு கிடையாது. விண்டோஸ் 2000ல்தான் கூடவே வந்தது. யூனிகோடில் எழுதினால் வாசிப்பவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். "எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள்" என்று பதிவின் தலையிலேயே எழுதி வைப்போம். சென்டர்க்காரர் நிறுவ விடுவாரா? மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்தவருக்குத்தான் அதற்குப் பொறுமை இருக்குமா? நாங்களோ குழுமங்களில் பழைய தமிழ்க் குறியீட்டு முறையான திஸ்கியா, யூனிகோடா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

உமர்தம்பி வாசிப்பவர் பக்கம் இருந்து யோசித்தார். தேனீயை இயங்கு எழுத்துருவாக்கிக் கொடுத்தார். அந்தக் கோப்பைத் தளத்தில் ஏற்றி, வார்ப்புருவில் இந்த வரியைச் சேர்த்துவிட்டால் போதும்; இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பக்கத்தோடு எழுத்துருவையும் இழுத்துக்கொள்ளும். வருகிறவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. காசும் வாங்கவில்லை. (ஃபயர்ஃபாக்ஸில் இது வேலை செய்யாது. அப்போதெல்லாம் அதில் பத்தியை இருபுறமும் சமமாக்கினால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும், அது வேறு கூத்து.)

அதிராம்பட்டினத்துக்காரர், துபாயில் வேலை பார்த்தவர். நான் நேரில் பார்த்ததில்லை, மடல் வழிப் பழக்கம்தான். இருந்தாலும் சக வேலைக்காரர் ஒருவர் போனதுபோலத்தான் இருந்தது, 2006 ஜூலை 12 அன்று காலமானார் என்று கேட்டபோது. அப்புறம் எல்லார் வீட்டிலும் விண்டோஸ் எக்ஸ்பி வந்துவிட்டது, தேனீயின் தேவையும் குறைந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் எழுதியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

உப்புக்காற்று:
தேனீ மட்டுமில்லை அண்ணே. ஒலிப்பு முறையில் யூனிகோடு தட்டச்சு செய்ய ஒரு செயலியும் எழுதிக் கொடுத்தார். 2010ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி நடந்த இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் தேனீயைப் போட்டு ஆள் சேர்த்த தளங்களில் எத்தனை பேர் அடியில் ஒரு நன்றி போட்டார்கள்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லட்டும்.

செவ்வந்தி:
நன்றி. கோப்பும் எங்கள் காப்பில் இருக்கிறது. புது முகவரிக்கு மாற்றினால் பழைய எக்ஸ்ப்ளோரரிலாவது ஓடுமா?

திண்ணைக்காரன்:
ஓடாதும்மா. மைக்ரோசாஃப்டின் வெஃப்ட் கருவியில் எந்தத் தள முகவரிக்கு என்று சொல்லித்தான் அந்த இயங்கு எழுத்துருக் கோப்பை உருவாக்குவோம். இடம் மாறினால் ஏற்காது. தேனீயின் சாதா எழுத்துருக் கோப்பு என் பழைய சிடி ஒன்றில் இருக்க வேண்டும். சிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டர்தான் இப்போது வீட்டில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் போட்டுப் பார்த்து அனுப்புகிறேன்.