கடலுக்குச் செல்லும் இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வழி கேட்கிறேன்

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் ஊருக்கு அருகே ஒரு மீனவக் குடியிருப்பின் இளைஞர் மன்றத்தில் பொறுப்பு வகிக்கிறேன். 18 வயது நிறைந்த எங்கள் பையன்களில் பலர் இன்னும் வாக்காளர் பட்டியலில் சேரவில்லை; சேர்ந்தவர்களிலும், படகு வேலைக்காகக் கேரளத்துக்கும் மங்களூருக்கும் சென்றவர்கள் வாக்குப்பதிவு நாளில் ஊர் திரும்புவதில்லை. கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவு, மீன் இறங்குதளம், டீசல் மானியம் என நம் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் அனைத்தும் அரசின் கையில் இருக்கும்போது, இவர்கள் விலகி நிற்பது என்னை மிகவும் வருத்துகிறது.

சிறப்பு முகாம் நடந்த சனிக்கிழமை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லும் நாளாக இருந்ததால் யாரும் வரவில்லை. வீடுவீடாகப் படிவம் 6 (புதிதாகப் பெயர் சேர்க்கும் விண்ணப்பம்) கொடுத்தோம். வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் தேடவேண்டிய இடத்திலேயே பலர் நின்றுவிட்டனர். தேர்தல் ஆணையத்தின் செயலி வழியாகப் பதியவும் கற்றுக்கொடுத்தோம். 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்று பள்ளியில் விளக்கியபோது மாணவிகள் ஆர்வத்துடன் முன்வந்தனர், பையன்கள் தயங்கினர்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் தடை தொடங்கியதும், அங்கு சென்றவர்களில் பலரும் ஜூன் மாதத்தில் ஊர் வந்துவிடுவர். ஜூலை 1-உம் ஒரு தகுதி நாள் (அன்றைக்குள் 18 வயது நிறைந்தவர் பட்டியலில் சேரலாம்) என்பதால் இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

கடலோர ஊர்களில் இப்பணியைச் செய்தவர்களே, தடைக்காலத்தில் கரையில் இருக்கும் இளைஞர்களை எந்த முறையில் அணுகிப் பதிவை முடிக்கவைத்தீர்கள்?