மூன்று இடம், 250 கம்ப்யூட்டர்: ஆக்டிவ் டைரக்டரியும் ஐபி திட்டமும் எப்படிப் போடுவது?

பம்ப்_நெட்வொர்க்

வணக்கம். கோவையில் தலைமை அலுவலகம், பெருந்துறையில் ஃபேக்டரி, சென்னையில் சின்னதாக ஒரு சேல்ஸ் ஆபீஸ். மொத்தம் 250 கம்ப்யூட்டர் வரும். இதுவரை எல்லாமே வொர்க்குரூப்தான், ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனி, பொதுவான லாகின் கிடையாது. மூன்று இடத்திலும் 192.168.1 ஓடுகிறது, ரவுட்டரே ஐபி கொடுக்கிறது, பிரின்டருக்கும் கேமராவுக்கும் யார் எந்த நம்பர் வைத்தார்கள் என்பது ஓர் எக்செல் ஃபைலில் இருக்கிறது, அதிலும் ஆளுக்கொரு காப்பி. கோவையில் காலை நேரத்தில் ஐபி தீர்ந்துபோய்ச் சிலருக்கு 169.254 என்று வந்து நிற்கிறது.

ஆக்டிவ் டைரக்டரிக்கு (எல்லோருடைய லாகினையும் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்தில் வைத்து நடத்தும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) சர்வர் வாங்க மேனேஜ்மென்ட் இப்போதுதான் சம்மதித்திருக்கிறது. அதன் டொமைன் (ஒரே லாகின் பட்டியலைப் பகிரும் கூட்டம்) பெயரைக் கம்பெனி பெயர், டாட் லோக்கல் என்று வைக்கலாம் என்கிறார் சர்வர் விற்க வந்தவர். சரியா? இடத்துக்கு ஒரு டொமைன் வேண்டுமா, ஒன்றே போதுமா? ஐபி கணக்கு வைக்கக் காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வேர்க்களம்

முதல் டொமைன் கன்ட்ரோலரை (டிசி, லாகினைச் சரிபார்க்கும் சர்வர்) நிறுவுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. பெயரும் ஐபி வரிசையும் பின்னால் மாற்றுவதற்கு மிகவும் கஷ்டமானவை, மற்றதையெல்லாம் ஓடும்போதே திருத்திக்கொள்ளலாம்.

டாட் லோக்கல் வேண்டாம். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762 என்ற இன்டர்நெட் தர ஆவணம் அந்தப் பெயரை மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு (சர்வர் இல்லாமல் சாதனங்களே ஒன்றையொன்று பெயரால் தேடும் முறை) ஒதுக்கிவிட்டது. மேக், ஐபோன், பிரின்டர் எல்லாம் அதை வேறு விதமாகத் தேடும், நீங்கள் பெயர் கிடைக்கவில்லை என்று, பெயரை ஐபியாக்கித் தரும் டிஎன்எஸ் சர்வரைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். கம்பெனி வெப்சைட்டின் பெயரையே அப்படியே உள்ளேயும் வைப்பதும் தொல்லை, வெளியில் வெப்சைட் சர்வர் மாறும்போதெல்லாம் உள்ளேயும் கையால் ரெக்கார்டு போட வேண்டும். ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருக்கும் பெயருக்கு முன்னால் 'ஏடி' என்று சேர்த்து ஒரு சப்டொமைன் வையுங்கள். ஆட்கள் லாகின் செய்ய யுபிஎன் சஃபிக்ஸாக (லாகின் பெயரில் @-க்குப் பின்னால் வரும் பகுதி) ஈமெயில் டொமைனைச் சேர்த்துவிட்டால், அவரவர் ஈமெயில் முகவரியே லாகின் பெயராகிவிடும், உள்ளே என்ன பெயர் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவே வேண்டாம்.

ஒரு ஃபாரஸ்ட் (டொமைன்களின் தொகுப்பு), ஒரு டொமைன். 250 கம்ப்யூட்டருக்கு மூன்று டொமைன் என்பது மூன்று மடங்கு பேக்கப், மூன்று மடங்கு தலைவலி. இடத்தைப் பிரிக்க 'சைட்' இருக்கிறது, அதிகாரத்தைப் பிரிக்க ஓயூ (டொமைனுக்குள் ஆட்களையும் கம்ப்யூட்டரையும் போட்டு வைக்கும் ஃபோல்டர் மாதிரி) இருக்கிறது. ஓயூவைக் கம்பெனியின் பதவி வரிசைப்படி வரையாதீர்கள். குரூப் பாலிசி (கம்ப்யூட்டர்களுக்கும் ஆட்களுக்கும் மொத்தமாகப் போடும் செட்டிங்) எங்கே வேறுபடும், பாஸ்வேர்டு ரீசெட் யாரிடம் கொடுப்பீர்கள், இந்த இரண்டை மட்டும் பார்த்துப் பிரியுங்கள்.

கோவையில் இரண்டு டிசி கட்டாயம், இரண்டையும் ஒரே ஹார்டுவேரில் விர்ச்சுவலாகப் போட்டால் இரண்டு இருந்தும் பயனில்லை. இன்னொன்று, டொமைனில் சேரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 போடக் கூடாது. முதல் சர்வர் ஒரு கணம் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அங்கே போய்விடும், அங்கே உங்கள் டிசியைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெளியுலகப் பெயர்களுக்கு டிசியில் ஃபார்வர்டர் (தெரியாத பெயரை வெளி டிஎன்எஸ்ஸிடம் கேட்டுவரும் அமைப்பு) போட்டால் போதும்.

அப்புறம், லேப்டாப்பெல்லாம் எந்த விண்டோஸ் என்று இன்றே பாருங்கள். ஹோம் எடிஷன் டொமைனில் சேராது.

சப்நெட்_செல்வி

ஐபி பக்கம் நான் சொல்கிறேன். மூன்று இடத்திலும் ஒரே 192.168.1 இருக்கும்வரை இடங்களுக்கு நடுவே ஒழுங்கான விபிஎன் போட முடியாது, யாருக்கு எந்தப் பாக்கெட் என்று ரவுட்டருக்குத் தெரியாது. ஆட்கள் வீட்டிலிருந்து வேலை செய்தாலும் இதே கதைதான், வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 தானே இருக்கும். 172 பக்கம் போனாலும் இடிக்கும்: டாக்கர் (அப்ளிகேஷன்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் சாஃப்ட்வேர்) தானாக 172.17-ஐ எடுத்துக்கொள்ளும், அமேசான் கிளவுடின் டிஃபால்ட் நெட்வொர்க்கான விபிசி 172.31.

அதனால் 10-க்கு வாருங்கள், ஆனால் 10.0, 10.1 என்று எல்லோரும் தொடங்கும் இடத்தில் தொடங்காதீர்கள். கோவைக்கு 10.41, பெருந்துறைக்கு 10.42, சென்னைக்கு 10.43, ஒவ்வொன்றும் /16, அதாவது முதல் இரண்டு எண் மாறாது. மூன்றாவது எண் வேலையைச் சொல்லட்டும்: 10 சர்வர், 20 ஆபீஸ் கம்ப்யூட்டர், 30 வைஃபை, 40 கேமரா, 50 மெஷின், 90 விருந்தினர். ஒவ்வொன்றும் ஒரு விலான் (ஸ்விட்சுக்குள் பிரிக்கும் தனி நெட்வொர்க்), ஒரு /24 சப்நெட் (முதல் மூன்று எண் மாறாத வரிசை). 10.42.40.17 என்று லாகில் பார்த்தவுடனே பெருந்துறைக் கேமரா என்று தெரிந்துவிடும், ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வந்தால் இதன் அருமை தெரியும். ஆட்கள் கூடினால் 20-க்குப் பக்கத்தில் 21, 22 காலியாகவே இருக்கின்றன. இடத்துக்கு /16 வீண் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 10-க்குள் அப்படி 256 இருக்கின்றன.

தானாக ஐபி கொடுக்கும் டிஹெச்சிபியை இரண்டு விண்டோஸ் சர்வரில் ஃபெயிலோவராக (ஒன்று விழுந்தால் மற்றது பார்த்துக்கொள்ளும்படி) வையுங்கள், 2012 பதிப்பிலிருந்தே உள்ளேயே இருக்கிறது. மற்ற விலான்களுக்கு ஸ்விட்சில் ரிலே (ஐபி கேட்பதைச் சர்வருக்குக் கடத்துவது) போட்டால் போதும். விண்டோஸில் லீஸ் (கொடுத்த ஐபி செல்லும் காலம்) டிஃபால்ட்டாக 8 நாள். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சரி, விருந்தினர் வைஃபைக்கு சில மணி நேரம் போதும், இல்லாவிட்டால் வந்துபோனவர்களின் ஃபோன்களே பூலைத் தின்றுவிடும். பிரின்டருக்கு ரிசர்வேஷன் (டிஹெச்சிபியே எப்போதும் ஒரே ஐபியைக் கொடுப்பது), மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பிஎல்சிக்கு மட்டும் கையால் வைக்கும் ஸ்டேட்டிக், அதுவும் பூலுக்கு வெளியே.

சாஃப்ட்வேருக்குக் காசு வேண்டாம். பிஹெச்பி-ஐபேம், நெட்பாக்ஸ் இரண்டும் இலவசம். முன்னது சப்நெட்டை ஸ்கேன் செய்து யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும். நெட்பாக்ஸ் ஸ்கேன் செய்யாது, இருக்க வேண்டியது என்ன என்று நீங்கள் எழுதி வைக்கும் பதிவேடு அது. உங்களுக்கு இருக்கும் குழப்பத்துக்கு முதலில் ஸ்கேன் செய்வதுதான் வேண்டும். விண்டோஸிலேயே ஓர் ஐபேம் (ஐபி கணக்கு வைக்கும் வசதி) இருக்கிறது, அதை டிசியில் நிறுவ முடியாது, தனி சர்வர் கேட்கும், உங்கள் அளவுக்கு நான் போட மாட்டேன்.

பம்ப்_நெட்வொர்க்

இருவருக்கும் நன்றிங்க. ஃபேக்டரிதான் இன்னும் புரியவில்லை. அங்கே பூட்டுகிற சர்வர் ரூம் கிடையாது, ஸ்டோர் ரூமில் ஒரு ரேக்தான். இன்டர்நெட் லைன் அடிக்கடி போகும். மூன்று ஷிஃப்ட், ஒரு கம்ப்யூட்டரில் நாலைந்து பேர் உட்காருவார்கள்.

மூன்றாம்_ஷிஃப்ட்

இது எங்கள் ஃபேக்டரி நிலைமையேதான். லைன் போனால் லாகின் நின்றுவிடும் என்று எல்லோரும் பயப்படுவார்கள், ஏற்கெனவே லாகின் செய்தவர்கள் கம்ப்யூட்டரின் கேஷில் (முன்பு சேமித்ததில்) இருப்பதை வைத்து உள்ளே வந்துவிடுவார்கள். நிற்பது டிஎன்எஸ். கம்ப்யூட்டர்களெல்லாம் கோவை டிஎன்எஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஃபேக்டரிக்குள்ளேயே பக்கத்து மெஷினின் பெயர்கூடக் கிடைக்காது. அதனால் அங்கே ஒன்று வேண்டும், ஆனால் பூட்டில்லாத ரூமில் முழு டிசி வைக்கவே கூடாது. அந்த டிஸ்க்கை எடுத்துப் போனால் கம்பெனியின் மொத்த பாஸ்வேர்டு ஹேஷும் (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்த வடிவம்) போய்விடும்.

ரீட்-ஒன்லி டிசி (ஆர்ஓடிசி, படிக்க மட்டும் முடியும் டிசி) வையுங்கள். நீங்கள் அனுமதித்த ஆட்களின் பாஸ்வேர்டு மட்டும்தான் அதில் தங்கும். திருடு போனால் அதன் அக்கவுன்ட்டை நீக்கும்போதே தங்கியிருந்தவர்களின் பாஸ்வேர்டை ரீசெட் செய்யச் சொல்லும். டிஎன்எஸ்ஸும் அதிலேயே ஓடும். டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யும் பிட்லாக்கரும் போட்டுவிடுங்கள். சென்னைக்கு ஒன்றும் வேண்டாம், விபிஎன் போதும்.

செல்வி அக்கா சொன்ன சப்நெட் எல்லாவற்றையும் ஆக்டிவ் டைரக்டரி சைட்ஸிலும் பதிய வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். கம்ப்யூட்டர் தன் ஐபியை வைத்துத்தான் தன் சைட் எது, பக்கத்து டிசி எது என்று கண்டுபிடிக்கிறது. பதியாவிட்டால் பெருந்துறைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஆர்ஓடிசி இருக்கும்போதே கோவைக்கு ஓடும், லாகின் ஏன் மெதுவாக இருக்கிறது என்று யாருக்கும் புரியாது. டிசியின் சிஸ்டம் லாகில் 5807 என்ற ஈவென்ட் வந்தால் ஏதோ சப்நெட் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். இடத்துக்கு ஒரு /16 என்பதால் மூன்றே வரி, இப்போதே போட்டுவிடலாம். சைட் லிங்க் ரெப்ளிகேஷன் (ஓர் இடத்து டிசியில் செய்த மாற்றம் அடுத்த இடத்துக்குப் போகும் இடைவெளி) டிஃபால்ட்டாக 180 நிமிடம், அதை 15 ஆக்குங்கள்.

லைசென்ஸும் பாருங்கள். மூன்று ஷிஃப்ட் ஆட்கள் ஒரே கம்ப்யூட்டரில் உட்காரும் இடத்துக்கு டிவைஸ் கேல் (கம்ப்யூட்டருக்கு ஒன்று என வாங்கும் சர்வர் லைசென்ஸ்) மலிவு, யூசர் கேல் வாங்கினால் தலைக்கு ஒன்று கட்ட வேண்டும்.

சப்நெட்_செல்வி

ஆர்ஓடிசிக்கு என் ஓட்டும். மாற்றும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள்: இப்போதைய ரவுட்டரில் லீஸ் நேரத்தை முன்கூட்டியே ஒரு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள், அப்போதுதான் மாற்றுகிற நாளில் எல்லோரும் சீக்கிரம் புது ஐபிக்கு வருவார்கள். பழைய ரவுட்டரின் டிஹெச்சிபியை அணைத்த பிறகு ஸ்விட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (நம் சர்வரைத் தவிர வேறு எதுவும் ஐபி கொடுக்க முடியாதபடி தடுப்பது) போடுங்கள். டைரக்டரியில் டிஹெச்சிபி சர்வரை ஆதரைஸ் செய்வது விண்டோஸ் சர்வரைத்தான் கட்டுப்படுத்தும், யாரோ கடையில் வாங்கிவந்து மேஜைக்கடியில் செருகும் வைஃபை ரவுட்டரை அது தடுக்காது. சென்னையிலிருந்து தொடங்குங்கள், அங்கேதான் ஆள் குறைவு.